பாட்டும் பட்டணமும் – 9: வாங்க முடிந்த பாதி

பெங்களூரு காந்திநகர்தான் கன்னடப் படத்தொழிலின் கடைவீதி. ஒரு படம் ஓடிவிட்டால் அங்கே உடனே எழும் கேள்வி, அந்தப் படத்தில் எது ஓடியது என்பதுதான். பல சமயம் பாட்டு என்றே பதில் வரும். அந்தப் பாட்டில் எது ஓடியது என்ற அடுத்த கேள்வியில்தான் தொழில் தடுமாறுகிறது. வெற்றி பெற்ற ஒரு பாட்டில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. பாடகர், வாத்தியங்கள், ஒலியின் பளபளப்பு, ஒரு படத்துக்கு எத்தனை பாட்டு என்ற கணக்கு, படம்பிடித்த மலைச்சாரல் ஆகியவை காசு கொடுத்தால் கிடைக்கும் பாதி. சொல்லும் மெட்டும் கதையின் ஒரு கட்டமும் ஒன்றோடொன்று இசைந்து நின்ற விதம் காசுக்குக் கிடைக்காத பாதி. முதல் பாதியை மட்டும் திரும்பத் திரும்பக் கொள்முதல் செய்வதற்குத்தான் ஃபார்முலா என்று பெயர் வந்தது. 'எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது' என்ற புகார் பெரும்பாலும் பாட்டின் வடிவத்தின் மேல் விழுகிறது. விழ வேண்டிய இடம் இந்தக் கொள்முதல் என்பதே இந்தப் பகுதியின் வாதம். கன்னடப் படப்பாட்டின் அறுபது ஆண்டு வரலாறு அதற்குச் சான்று.

இந்தப் புகாரைக் கோட்பாடாகவே எழுதிவைத்தவர் ஜெர்மன் சிந்தனையாளர் தியோடோர் அடோர்னோ. அமெரிக்காவில் வாழ்ந்தபோது, 1941-இல் வெளியான கட்டுரையில் அவர் அந்நாட்டு வெகுஜனப் பாட்டை ஆராய்ந்தார். 32 பார் கொண்ட ஒரே அச்சில் வார்க்கப்படும் அந்தப் பாட்டுகளில் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினாலும் ஒன்றும் கெட்டுவிடாது என்றார். மேலே தெரியும் சின்னச்சின்னப் புதுமைகள் கேட்பவருக்குத் தனித்தன்மை என்ற மயக்கத்தைத் தருவதற்காக வைக்கப்பட்டவை என்றும் சொன்னார். அவருடைய காது கூர்மையானது. ஆனால் நோயின் காரணத்தை அவர் வடிவத்தில் தேடினார். வடிவம்தான் பாட்டைக் கொல்கிறது என்றால், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று வகுத்த பாதையில் நடந்த நம் கீர்த்தனைகள் எப்போதோ செத்திருக்க வேண்டும். புரந்தரதாசர் பெயரால் வழங்கும் சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் இன்றும் ஒவ்வொரு குழந்தையும் அதே ஒழுங்கில்தான் பாடிப் பழகுகிறது. அந்தப் பழக்கத்திலிருந்து மேலே வந்த வித்வான்கள் யாரும் ஒருவர்போல் ஒருவர் பாடவில்லை.

கன்னடப் படப்பாட்டின் அச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எழுபதுகள் வரை கன்னடப் பாட்டுகள் பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாயின. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே இடம் இருந்தது. பாட்டின் நீளத்தை முதலில் முடிவுசெய்தது அந்தத் தட்டு. அடுத்து, பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒன்றாகப் பதிவுசெய்த காலம் அது. யாராவது ஓரிடத்தில் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இரண்டு சரணங்களுக்கும் ஒரே மெட்டு என்ற ஏற்பாடு அங்கே பெரிய உதவி. ஒரு சரணத்தை ஒத்திகை பார்த்தால் போதும், இரண்டாவது தானாகவே வந்துவிடும். ஆக, பல்லவி, இடையிசை, சரணம், மீண்டும் இடையிசை, அதே மெட்டில் இன்னொரு சரணம் என்ற அமைப்பைக் கற்பனை வறட்சி உண்டாக்கவில்லை. இசைத்தட்டும் கால்ஷீட்டும் சேர்ந்து உண்டாக்கின. அந்தக் குறுகிய இடத்துக்குள்தான் ஜி.கே. வெங்கடேஷ், விஜயபாஸ்கர், மைசூரிலிருந்து வந்த ராஜன்–நாகேந்திரா சகோதரர்கள், பி.ஆர். பந்துலு படங்களுக்கு இசையமைத்த நம் டி.ஜி. லிங்கப்பா எல்லாரும் வேலை செய்தார்கள். இவர்களில் ஒருவர் மெட்டை இன்னொருவருடையது என்று மயங்க முடியாது. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து தொழில் பழகியவர்தான் இளையராஜா. அந்தப் பட்டறையின் வீச்சை அளக்க அது ஒன்றே போதும்.

வார்த்தைக்கும் அச்சு இருந்தது. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைச் சொல்ல, பாடலாசிரியர் குறில் நெடில் பார்த்துச் சொல்லை உட்காரவைப்பது தமிழிலும் கன்னடத்திலும் ஒரே வழக்கம். ஓரிரு மணி நேரத்தில் பல்லவி வேண்டும் என்னும்போது, எந்தச் சந்தத்திலும் பொருந்தக்கூடிய நிலவு, பூ, இதயம், கனவு போன்ற சொற்கள் கைவசம் இருந்தே தீர வேண்டும். சி. உதயசங்கர் 3000-க்கும் மேற்பட்ட பாட்டுகளை எழுதியவர். அந்தக் கைச்சரக்கு அவரிடமும் நிறைய இருந்தது. ஆனால் கன்னட நாயகன் ராஜ்குமாரின் படங்களுக்கு வசனமும் அவரே எழுதினார் என்பதை மறந்துவிடக்கூடாது. நாயகன் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தி எந்த மனநிலையில் பாடத் தொடங்குகிறான் என்பதை அவர் உள்ளிருந்தே அறிவார். பழகிய சொற்களே வந்தாலும் அவை கதையில் தைத்து நின்றதற்குக் காரணம் இது.

ராஜ்குமாருக்குப் பி.பி. ஸ்ரீநிவாஸ் குரல் என்பதும் அந்நாளைய ஃபார்முலாதான், அதுவும் அழகானது. காக்கிநாடாவில் பிறந்த தெலுங்கர் ஒருவர் கன்னட நாயகனின் குரலாக நெடுங்காலம் விளங்கினார். 1974-இல் 'சம்பத்திகே சவால்' படத்தில், வெங்கடேஷின் இசையில், எருமை மேல் அமர்ந்து பாடும் பாட்டு ஒன்றை ராஜ்குமாரே பாடினார். அதற்கு முன்பும் அவர் அரிதாகப் பாடியதுண்டு. ஆனால் இந்தப் பாட்டுக்குப் பிறகு தன் பாட்டுகளைத் தானே பாடுவது வழக்கமாகிவிட்டது. குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் பாடி நடித்துப் பழகிய தொண்டை அது. வசனம் முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில் தையல் தெரியாத அந்த ஓட்டத்தை வேறு எந்தத் தயாரிப்பாளரும் விலைக்கு வாங்க முடியவில்லை. நாயகர்கள் எல்லாரும் பாடத் தொடங்கவும் இல்லை. எது பிரதி எடுக்கப்படவில்லை என்பதைக் கவனித்தாலே எது விலைக்குக் கிடைக்காதது என்பது புரியும்.

எண்பதுகளில் இரண்டு மாற்றங்கள் ஒருசேர வந்தன. நடிகர் சங்கர் நாக் அமைத்த சங்கேத் ஒலிப்பதிவுக் கூடத்தால், பாட்டுப் பதிவுக்குச் சென்னை ரயில் ஏற வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. இன்னொன்று கேசட். அறுபது நிமிட கேசட்டுக்குப் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஐந்து பாட்டு உள்ள படம் ஒரு பக்கத்தையே நிரப்பும். இரண்டு பக்கமும் ஒரே படத்தால் நிரம்ப வேண்டுமானால் பத்துப் பாட்டாவது தேவை. 1987-இல் ரவிச்சந்திரன் இயக்கி நடித்த 'பிரேமலோகா' வந்தது. அதே கதையைத் தமிழில் 'பருவ ராகம்' என்று நம்மவர்கள் பார்த்திருப்பார்கள். படத்தின் சட்டகம் 'கிரீஸ் 2' என்ற அமெரிக்க இசைப்படத்திலிருந்து எடுத்த ஒன்று. கல்லூரி, காதல், மோட்டார் சைக்கிள் என்று அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் மெட்டையும் சொல்லையும் ஒரே ஆள் செய்திருந்தார். கங்கராஜு என்ற இயற்பெயர் கொண்ட ஹம்சலேகா அவர். பெண்கள் கேட்க ஆண்கள் பதில் சொல்ல, கேலியும் சண்டையும் சமாதானமும் பாட்டுக்குள்ளேயே நடந்தன. பெங்களூருக் கல்லூரி வாசலில் பேசிய கன்னடம் முதல்முறையாக அவ்வளவு தாராளமாக மெட்டில் ஏறியது. தத்தகாரத்துக்கும் சொல்லுக்கும் இடையில் இன்னொருவர் இல்லாததால், சொல் முட்டும் இடத்தில் அவர் மெட்டை வளைத்துக்கொள்ள முடிந்தது. மெட்டுக்குள் சொல்லை நிரப்பும் பாடலாசிரியருக்கு அந்த உரிமை கிடையாது.

இந்த வெற்றியிலிருந்து காந்திநகர் எடுத்துக்கொண்டது என்ன? பாட்டுகளின் எண்ணிக்கை, கீபோர்டும் ரிதம் பேடும் தரும் துள்ளல், ஹம்சலேகாவின் பெயர். மூன்றும் வாங்கக்கூடியவை. அடுத்த பத்தாண்டுகளில் அவர் இசையமைக்காத கன்னடப் படத்தைத் தேட வேண்டியிருந்தது. அத்தனை படங்களுக்கு இடையே அவரே தன் ஃபார்முலாவானார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பேச்சுமொழியின் குறும்பு, சிலேடைக்காகவே சிலேடை என்று பல இடங்களில் தேய்ந்தது. அவர்மீது பெரும் மதிப்பு உள்ளவர்களும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இதே காலத்தில் இரண்டு சான்றுகள் எதிர்த்திசையில் நிற்கின்றன. 1991-இல் வந்த 'ராமாச்சாரி' நம் 'சின்னத்தம்பி'யின் மறு ஆக்கம். கதையை விலைக்கு வாங்கினார்கள். சின்னத்தம்பியின் பாட்டுகள் தமிழ்நாட்டைக் கட்டிப்போட்டிருந்த நேரத்தில் ஹம்சலேகா அவற்றை எடுத்துக்கொள்ளாமல் புதிதாகவே இசையமைத்தார், பாட்டுகள் பெரும் வெற்றி பெற்றன. பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப்பிங் செய்வதற்கு அறுபதுகள் தொட்டு அங்கே இருந்த எதிர்ப்பும் இதற்கு ஒரு காரணம். கதை எங்கிருந்து வந்தாலும் பாட்டைக் கன்னடத்தில் உட்கார்ந்து செய்தாக வேண்டிய நிலை இருந்தது. இன்னொரு சான்று 1995-ஆம் ஆண்டுப் படமான 'கானயோகி பஞ்சாட்சர கவாயி'. கதக் நகரின் பார்வையற்ற இந்துஸ்தானி மேதையின் வாழ்க்கை அது. துள்ளல் பாட்டுக்குப் பெயர்போன ஹம்சலேகாவுக்குச் சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதும், எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குச் சிறந்த பாடகருக்கான தேசிய விருதும் அதில் கிடைத்தன. அதே மனிதர், அதே பாடகர், ஆனால் படம் கேட்ட கேள்வி வேறு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. தொழில் என்றால் திரும்பச் செய்வதுதான், நூற்றுக்கணக்கான வாத்தியக்காரர்களின் வயிறு அதில்தான் நிரம்பியது, ஒவ்வொரு பாட்டையும் புதுக் கண்டுபிடிப்பாகச் செய்யச் சொல்வது வாழ்க்கை தெரியாத பேச்சு என்பார்கள். இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியை நடத்திய பெர்ரி கோர்டி முன்பு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாட்டுகளைத் தர ஆய்வுக் கூட்டத்தில் வைத்து, தேறியதை மட்டும் வெளியிட்டார். பிழைப்பும் நடந்தது, அருமையான பாட்டுகளும் வந்தன. 1971-இல் மார்வின் கே வியட்நாம் போரையும் நகரத்து வறுமையையும் பாடியபோது, இது விற்காது என்று கோர்டியே தயங்கினார். வாசித்தவர்கள் அதே மோடவுன் வாத்தியக்காரர்கள். அந்தத் தொகுப்புதான் கம்பெனியின் பெருமைகளில் ஒன்றாக நிலைத்தது. பட்டறை இருப்பது பிழையல்ல, பட்டறைக்காரர் புதுக் கேள்வியை உள்ளே விடுகிறாரா என்பதே பிரச்சினை. வயிற்றுப்பாட்டு வாதமும் காலத்தோடு வலுவிழந்துவிட்டது. கூடம் நிறைய வயலின்காரர்கள் உட்கார்ந்தபோது ஃபார்முலா பல வீடுகளில் அடுப்பெரியவைத்தது. சீக்வென்ஸரும் கணினியும் வந்த பிறகு அந்த வீடுகளுக்கு வேலை போய்ச் சேரவில்லை. திரும்பச் செய்வது மட்டும் தொடர்ந்தது.

அடுத்த மறுப்பு இன்னும் அடிக்கடி வருவது: ஜனங்கள் இதைத்தான் கேட்கிறார்கள். பெங்களூருவே இதற்கு மறுமொழி வைத்திருக்கிறது. 1978-இல் கவிஞர் கே.எஸ். நிசார் அகமதுவின் கவிதைகள், மைசூர் அனந்தசாமியின் இசையில் 'நித்யோத்ஸவ' என்ற கேசட்டாக வந்தன. படம் இல்லை, நாயகன் இல்லை. அங்கிருந்து பாவகீதை என்ற ஒரு துறையே வீடுகளுக்குள் நுழைந்தது. பெங்களூரு ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே இசையமைத்த சி. அஷ்வத், 19-ஆம் நூற்றாண்டின் சிசுநாள ஷரீபுடைய தத்துவப் பதங்களுக்கு மெட்டமைத்தார். நம் சித்தர் பாட்டைப் போல மேலுக்கு எளிமையும் உள்ளே புதிரும் கொண்ட பாட்டுகள் அவை. 1990-இல் நாகாபரணா எடுத்த ஷரீப் படத்தின் வழியாக அவை இன்னும் பரவின. 2005 ஏப்ரலில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் 'கன்னடவே சத்ய' என்று அஷ்வத் நடத்திய நிகழ்ச்சிக்குத் திரண்ட கூட்டம், சினிமா நட்சத்திரம் இல்லாத மேடைக்குக் கவிதை கேட்க வந்த கூட்டம். மெல்லிய புல்லாங்குழல், அடக்கமான தபலா, நெகிழும் குரல் என்று பாவகீதையும் பிறகு தனக்கென ஓர் அச்சைச் செய்துகொண்டது உண்மைதான். அங்கேயும் பின்வந்தவர்களில் பலர் வாங்கியது அந்த ஒலியைத்தான். கவிதையை வாசித்து வாசித்து அதன் மூச்சு எங்கே முறிகிறது என்று கண்டுபிடித்த அஷ்வத்தின் உழைப்பு அவர்களுக்குக் கைவரவில்லை.

2006 டிசம்பர் 29 இந்த வரலாற்றில் அடுத்த திருப்பம். யோகராஜ் பட் இயக்கி கணேஷ் நடித்த 'முங்காரு மளே' அன்று வெளியாகி, பெங்களூரு மல்டிபிளெக்ஸில் ஓராண்டுக்கும் மேல் ஓடியது. இசை மனோ மூர்த்தி. அதில் சோனு நிகம் பாடிய ஒரு பாட்டு, கன்னடம் தெரியாத பெங்களூருவாசிகளையும் முணுமுணுக்கவைத்தது. மெட்டின் அமைப்பைப் பிரித்துப் பார்த்தால் பழைய பல்லவியும் சரணங்களும்தான். குரல் மும்பையிலிருந்து வந்தது. இதற்குப் பிறகு நடந்தது எதிர்பார்த்ததே: மழை, மலைநாடு, மும்பைக் குரல்கள், கிதார் மெலடி என்று ஒரு வரிசை. மும்பைப் பாடகர்கள் வந்ததே கேடு என்று அப்போது பலர் குறைபட்டார்கள். அந்தக் குறையில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்ரீநிவாஸும் எஸ். ஜானகியும் எஸ்.பி.பி.யும் தெலுங்கு வீட்டிலிருந்து வந்தவர்கள், கன்னடப் பாட்டு அவர்களால் செழித்தது. பிரச்சினை பாடகரின் ஊரில் இல்லை. அந்தப் பாட்டின் வாங்க முடியாத பாதி, அதை எழுதிய ஜயந்த் காய்கிணியிடம் இருந்தது. கோகர்ணத்தில் பிறந்து, மும்பையில் உயிர்வேதியியலாளராகப் பல ஆண்டு வேலை பார்த்து, பெங்களூருக்கு வந்த சிறுகதையாளர் அவர். நகரத்துச் சாதாரண மனிதரின் கூச்சத்தைக் கதைகளில் எழுதிப் பழகிய கை, ஒரு காதலனின் தயக்கத்தை, அவன் அன்றாடம் பேசும் சொல்லிலேயே, மெட்டில் இறக்கிவைத்தது. பின்வந்த பாட்டுகளில் அதே சொற்கள் திரும்ப வந்தன. அந்தத் தயக்கம் திரும்ப வரவில்லை. காய்கிணியே எழுதியபோதும்கூட, கதையில் தயங்கும் மனிதன் இருந்த படங்களில்தான் அவருடைய வரிகள் உயிர்கொண்டன.

ஸ்பெயினின் ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பயன்படும். 1955 முதல் 2010 வரையிலான 4,64,000-க்கும் மேற்பட்ட மேற்கத்திய வெகுஜன இசைப் பதிவுகளைக் கணினியால் அளந்தார்கள். ஒரு சுரத்தொகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகள் குறைந்துள்ளன, ஒலியின் நிறம் ஒரே மாதிரியாகிவருகிறது, சத்தம் கூடியிருக்கிறது என்பவை முடிவுகள். பலரும் இதைப் பாட்டின் மரணச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள். என் வாதத்துக்கு இதில் முக்கியமானது ஒலியின் நிறம். வாத்திய ஒலி பெட்டியில் அடைத்து விற்கப்படும் பண்டமான பிறகு அந்த ஒலியை யாரும் வாங்கலாம். எல்லாரும் வாங்கினால் எல்லாப் பாட்டும் ஒரே நிறத்தில் ஒலிக்கும். வாங்க முடிந்த பாதி எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறதோ அவ்வளவு விரைவாக அது ஒன்றுபோல் ஆகிறது.

பொதுச்சொத்து எங்கே முடிகிறது, பிரதி எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி 2022-இல் நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டு செப்டம்பர் 30-இல் வந்த 'காந்தாரா'வின் 'வராக ரூபம்' பாட்டு, தங்கள் 'நவரசம்' பாட்டை ஒத்திருப்பதாகக் கேரளத்தின் தைக்குடம் பிரிட்ஜ் இசைக்குழு வழக்குத் தொடுத்தது. ஒரே ராகங்களைக் கையாண்டதால் வரும் ஒற்றுமை இது என்பது இசையமைப்பாளர் அஜனீஷ் லோக்நாத்தின் பதில். இடைக்காலத் தடை வந்து, ஓடிடியில் சில நாள் வேறு மெட்டு ஒலித்து, பின் பழைய மெட்டே திரும்பியது. வழக்கின் நியாயத்தைத் தீர்ப்பது என் வேலை இல்லை. ஆனால் தோடியும் வராளியும் யாருக்கும் சொந்தமில்லை என்பதும், ராகத்துக்குள் ஒருவர் வெட்டிய பாதை அவருக்குச் சொந்தம் என்பதும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். வடிவத்தைப் பழிப்பவர்களும் வடிவத்தின் மறைவில் ஒதுங்குபவர்களும் இந்த வேறுபாட்டைத்தான் கவனிப்பதில்லை.

பெங்களூரு இன்று நிற்கும் இடம், ஒரே மெட்டை ஐந்து மொழிகளில் வெளியிடும் இடம். 2018 டிசம்பரில் 'கே.ஜி.எஃப்.' கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி ஆகிய ஐந்திலும் ஒன்றாக வந்து பெருவெற்றி கண்ட பிறகு, பெரிய படங்களுக்கு இதுவே வழக்கமாகி வருகிறது. கன்னட வினைமுற்றின் நீளம் வேறு, இந்தியின் நீளம் வேறு. ஐந்திலும் உட்காரும் மெட்டில் நீண்ட சொற்றொடருக்கு இடம் வைக்க முடியாது. குழுவாகக் கூவும் ஒற்றைச்சொல், பெயரின் முழக்கம், முரசு ஆகியவை எளிதாக எல்லை தாண்டும். ஹம்சலேகாவின் கல்லூரிப் பேச்சும் காய்கிணியின் தயக்கமும் அப்படித் தாண்ட மாட்டா. இந்த வெற்றியிலிருந்தும் தொழில் வாங்க முடிந்ததையே வாங்குகிறது என்பதற்குக் காந்தாராவே சாட்சி. முதல் படம் துளுநாட்டின் பூதக்கோலச் சடங்கை நம்பி, கன்னடத்தில் மட்டும் வெளியாகி, ஊர் பேசி ஊர் கேட்டு, இரண்டு வாரம் கழித்தே பிற மொழிகளுக்குப் போனது. அதன் முன்கதை 2025 அக்டோபர் 2-இல் வந்தபோது முதல் நாளிலேயே எல்லா மொழிகளிலும் தயாராக இருந்தது.